2009-இல் நின்றுபோன கணினிக்கு ஒரு ஃபைபர் இணைப்பு

ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்த தம்பிகள் இருவரும் அப்பாவின் கணினியைக் கண்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவன் பேசாமல் இருந்துவிட்டான். இளையவனுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா, இது இன்னும் ஓடுகிறதா?" என்றான். சாய்வு நாற்காலியிலிருந்து அப்பா பதில் சொன்னார்: "ஓடாத சாமானுக்கு எதற்குத் தம்பி உறை தைத்துப் போடுவார்கள்?"

அந்த உறை அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்துத் தைத்தது. அதற்குள்ளே இருந்தது 2009 சித்திரையில் திருநெல்வேலியில் வாங்கிய கணினி. கோர் 2 டுவோ பிராசசர், 1 ஜிபி ராம், 160 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, கைக்கு வந்த பணத்தில் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

பெங்களூரில் இருக்கும் தம்பி, "புதிதாக ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயேன் அக்கா, எதற்கு இந்த வம்பு?" என்று கேட்டான். கேட்டது நியாயம்தான். ஆனால் அப்பாவுக்கு லேப்டாப்பின் தட்டையான விசைகள் பிடிக்காது. தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் பழகிய விரல்கள் அவருடையவை. விசையைத் தட்டினால் தட்டிய சத்தம் கேட்க வேண்டும். கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கைபேசித் திரையில் எழுத்து தெரிவதுமில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தையும் மதுரைத் திட்டத்தின் நூல்களையும் பெரிய எழுத்தில் வைத்துப் படிக்க வேண்டும், பேத்தியோடு முகம் பார்த்துப் பேச வேண்டும். அவருக்கு வேண்டியது இவ்வளவே. நான் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவள். அங்கே நான்கு கணினிகளுக்கும் ஒரு பிரிண்டருக்கும் லேன் ஒயர் இழுத்தபோது கூட நின்று பார்த்திருக்கிறேன். இந்த வேலையில் இறங்க எனக்கு இருந்த தகுதி அவ்வளவுதான்.

இந்தக் கணினிக்கு இணையம் புதிதில்லை. முன்பு தரைவழித் தொலைபேசியோடு சேர்ந்த பிராட்பேண்ட் இருந்தது. 2004-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அதற்கு அப்போது அகன்ற அலைவரிசை என்று பெயர். எங்கள் திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது. அதற்காகவே அப்பா விடியற்காலையில் அலாரம் வைத்து எழுந்து புத்தகங்களை இறக்குவார். எட்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒயரையே பிடுங்கிவிடுவார். 2014 ஐப்பசியில் விழுந்த ஓர் இடி தொலைபேசிக் கம்பி வழியாக வந்து மோடத்தைத் தின்றுவிட்டது. அதோடு அந்த இணைப்பும் போயிற்று. பத்து வருடம் கழித்து, 2024 ஆனியில்தான் மறுபடி ஆரம்பித்தோம்.

முதலில் ஃபைபர் இழுத்த கதையைச் சொல்கிறேன். வருகிற பையன்களுக்கு ஒரு நாளில் ஏழெட்டு வீடு இருக்கும். கம்பி எங்கே உள்ளே நுழைகிறதோ அங்கேயே ஓர் ஆணியை அடித்து மோடத்தை மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடத்தான் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆகவே அவர்கள் வருவதற்கு முந்தைய நாளே, மோடம் எங்கே உட்கார வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். பக்கத்தில் பிளக் பாயின்ட் வேண்டும். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சுவராக இருக்கக் கூடாது. நடுவீட்டுக்குக் கிட்டே இருந்தால் வைஃபை எல்லா அறைக்கும் ஓரளவு எட்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், செப்புக் கம்பியைப் போலக் கத்தியால் சீவி முறுக்கி ஒட்ட முடியாது. தலைமுடி அளவுக் கண்ணாடி இழையை இயந்திரத்தில் வைத்து உருக்கித்தான் இணைக்க வேண்டும். அதற்கு அவர்களே மறுபடி வர வேண்டும்.

மூத்தவன் கையில் கைபேசி அளவில் ஒரு கருவி வைத்திருந்தான். பச்சை மூக்கு வைத்த இழையின் முனையை அதில் செருகிப் பார்த்து, "மைனஸ் பத்தொன்பது. பவர் நன்றாக இருக்கிறது" என்றான். இழை வழியாக வந்து சேரும் ஒளியின் அளவு அது. சுழியத்துக்கு எவ்வளவு நெருங்கி இருக்கிறதோ அவ்வளவு வலு. மைனஸ் இருபத்தேழைத் தாண்டினால் இணைப்பு தள்ளாடும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி மோடத்தின் முதுகில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டினேன். பிற்பாடு எப்போதாவது வேகம் குறைந்து ஆள் வரும்போது, "முதல் நாள் பத்தொன்பது இருந்தது, இன்றைக்கு எத்தனை?" என்று கேட்டால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அவர்கள் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். மிச்சமிருந்த இழையைச் சின்ன வளையமாக இறுக்கிச் சுற்றி ஆணியில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் காலை மோடத்தில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மினுக்கியது. ஒளி வரவில்லை என்று பொருள். ஆனிக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற அடியில் எங்கள் பக்கம் கம்பத்திலிருந்து இழை அறுவது வழக்கம்தான். அதுதான் போலிருக்கிறது என்று புகார் எண்ணைத் தேடினேன். தேடிக்கொண்டே, கை சும்மா இருக்காமல், அந்தச் சுற்றைத் தளர்த்திச் சாப்பாட்டுத் தட்டளவு வளையமாக்கிவிட்டேன். சிவப்பு அணைந்தது. கண்ணாடி இழையை மடக்கினால் ஒளி வளைவில் கசிந்துவிடும். டம்ளர் வாயளவைவிடச் சிறிதாக ஒருபோதும் சுற்ற வேண்டாம். கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோய் வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பதும் கூடாது. அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

இனி மோடத்திலிருந்து கணினி வரை. "ஒரு வைஃபை டாங்கிள் வாங்கிச் செருகிவிடுங்கள் அக்கா" என்று இளையவன் வழி சொன்னான். எக்ஸ்பிக்கு டிரைவர் கிடைக்கிற டாங்கிளைக் கடையில் தேடுவது, ஆடியில் முகூர்த்தம் தேடுவது போல. தவிரவும் நகராத பெட்டிக்கு எதற்கு வைஃபை? கணினியின் முதுகில் லேன் துளை இருக்கிறது, ஒயர் போதும் என்று முடிவு செய்தேன். பதினெட்டு மீட்டர் ஒயர், நான்கு ஜாக், ஆலையில் சிசிடிவி பார்க்க வருகிறவரிடம் இரவல் வாங்கிய, ஜாக்கை அழுத்திப் பொருத்துகிற க்ரிம்பிங் டூல், ஒயரைச் சோதிக்கிற டெஸ்டர். ஜாக் இரண்டு போதும். நான்கு வாங்கியது என் கையை நான் அறிந்திருந்ததால்.

ஜாக் போட்டே விற்கிற ஒயரைப் பலரும் வாங்குகிறார்கள். பிறகு சுவரில் ஜாக் நுழைகிற அளவுக்குப் பெரிய ஓட்டை போட்டுவிட்டு, அதை அடைக்கச் சிமெண்ட் தேடுகிறார்கள். வெறும் ஒயருக்குப் பென்சில் மொத்தத்தில் ஓர் ஓட்டை போதும். முதலில் ஒயரை இழுத்துவிட்டுப் பிறகு ஜாக்கைப் போடுங்கள். ஒயரைக் கரண்ட் குழாய்க்குள்ளே மட்டும் விடாதீர்கள்.

ஜாக் போடுவது பூக்கட்டுவதைப் போல. பார்க்க எளிது, விரல் பழகும் வரை பாடு. வெளி உறையை ஓர் அங்குலம் சீவினால் உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி இருக்கும். முறுக்கைப் பிரித்து, நகத்தால் நீவி நேராக்கி, வரிசையில் அடுக்க வேண்டும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பச்சைக்கு நடுவே நீலம் புகுந்துகொள்வதுதான் இதிலுள்ள சூட்சுமம். பலரும் தடுக்கி விழுகிற இடமும் அதுவே. அடுக்கியதும் நுனிகளை ஒரே மட்டமாக வெட்டி, ஜாக்கின் பூட்டு கீழ்ப்பக்கம் இருக்கும்படி பிடித்து உள்ளே தள்ளினேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், எட்டும் போய் முட்டியது போலத்தான் இருந்தது. அழுத்தினேன். டெஸ்டரில் மாட்டினால் விளக்குகள் ஒன்று, இரண்டு என்று ஏறி, மூன்றில் விழுங்கிவிட்டு நான்குக்குப் போயின. வெள்ளைப் பச்சை ஒரு நூல் குட்டையாக நின்றுவிட்டது. ஜாக்கை ஒருமுறை அழுத்தினால் பிரிக்க முடியாது, வெட்டித்தான் எறிய வேண்டும். மூன்றாவது ஜாக்கில் எட்டு விளக்கும் ஏறின. என் வலக்கைக் கட்டைவிரலில் இரண்டு நாள் சிவப்புக் கோடு இருந்தது.

நூறு மெகாபிட் வேகத்துக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியுமே போதும், நீலமும் பழுப்பும் சும்மா உடன் வருகின்றன. ஆயிரம் மெகாபிட் வேண்டுமென்றால்தான் எட்டும் வேலை செய்யும். புதிய கணினிகளில் ஒயர் ஒட்டியிருந்தும் வேகம் நூறுக்கு மேல் ஏறவில்லை என்றால், பாதி நேரம் இந்த நீலத்திலோ பழுப்பிலோதான் கோளாறு இருக்கும்.

அதற்குள் மணி மூன்றாகிவிட்டது. அன்று செவ்வாய்க்கிழமை. "மூன்றிலிருந்து நாலரை ராகு காலம். அதற்குப் பிறகு போடு" என்றார் அப்பா. பத்து வருடம் சும்மா இருந்த பெட்டிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் பெரிதில்லை. அந்த நேரத்தில் சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே கால்கிலோ தூசி இருந்தது. மின்விசிறியின் இறக்கைக்கும் வெப்பத் தகட்டுக்கும் நடுவே அது கம்பளி போலப் படிந்து கிடந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, ராமைக் கழற்றி அதன் தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் திரும்பப் பொருத்தினேன். நம் ஊர்ப் பழுது பார்க்கும் கடைகளில் நூறு ரூபாய்க்குச் செய்கிற வைத்தியம் இது. பல சமயம் பலிக்கிறது.

நாலு முப்பத்தைந்துக்குப் பொத்தானை அழுத்தினேன். விசிறி உறுமியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ இரண்டு வரி வந்து, தொடர எஃப்1-ஐ அழுத்தச் சொல்லி நின்றது. படிக்காமலே தட்டினேன். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய மாலை முழுவதும் நான் பட்ட பாட்டுக்குக் காரணத்தைக் கணினி முதல் நிமிடத்திலேயே எழுதிக் காட்டிவிட்டது. நான்தான் வாசலில் வந்தவரை முகம் பார்க்காமல் அனுப்புவதுபோல அனுப்பிவிட்டேன்.

எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி வந்தது. அப்பா நேராகப் போய்த் திரையில் இருந்த பழைய பிராட்பேண்ட் சின்னத்தை இருமுறை சொடுக்கினார். பிழை 678, மறுமுனை பதில் சொல்லவில்லை என்றது. "பார், லைன் வரவில்லை" என்றார். லைனில் ஒரு குறையும் இல்லை. பழைய காலத்தில் எங்கள் மோடம் வெறும் பாலம். பயனர் பெயர், கடவுச்சொல் சொல்லி நுழைகிற வேலையைக் கணினிதான் செய்தது. அதற்காக வைத்த சின்னம் அது. இப்போது அந்த வேலையை மோடமே செய்துவிடுகிறது. கணினி எந்த எண்ணையும் சுழற்ற வேண்டியதில்லை. பழைய சின்னத்தை அழித்தேன். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.

அழித்த பிறகும் வரவில்லை. ஆலையில் கற்ற ஒரு பழக்கம் இங்கே கைகொடுத்தது: கணினியிலிருந்து வெளியே போகிற பாதையை ஒவ்வொரு வாசலாகத் தட்டிப் பார்ப்பது. முதலில் ஒயர் துளையின் விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன், எரிந்தது. அடுத்து கட்டளைத் திரையைத் திறந்து, கணினியின் இணைய முகவரியைக் காட்டுகிற ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்தேன். முகவரி 192.168.1.5 என்றது. என் கைபேசிக்கு இதே மோடம் கொடுத்திருந்த முகவரியோ 192.168.100 என்று தொடங்கியது. தெரு பெயரே வேறு! பழைய இணைப்பைப் போட்டவர் அந்தக் காலத்து மோடத்துக்கு ஏற்றபடி முகவரியைக் கையால் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மோடம் செத்துப் பத்து வருடமாகியும் கணினி அந்தத் தெருவிலேயே காத்துக்கொண்டிருந்தது. லேன் இணைப்பின் பண்புகளில் போய், முகவரி, தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருகிற டிஎன்எஸ் இரண்டையும் தானாகப் பெறும்படி மாற்றினேன். 192.168.100.7 வந்தது. அதுவே 169.254 என்று தொடங்கும் எண் வந்தால், கணினி கேட்டும் மோடத்திடமிருந்து பதில் இல்லை என்று பொருள். அப்போது ஒயரையும் ஜாக்கையும் மறுபடி பார்க்க வேண்டும்.

கூப்பிட்டால் பதில் வருகிறதா என்று பார்க்கிற பிங் கட்டளையை மோடத்துக்கு அடித்தேன், பதில் வந்தது. வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கு அடித்தேன், வந்தது. ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி அடித்தேன், அதுவும் வந்தது. மூன்று வாசலும் திறந்தாயிற்று. வெற்றிக் களிப்போடு க்ரோமைத் திறந்தால், போகிற தளமெல்லாம் சிவப்புப் பூட்டு. இந்தத் தளத்தை நம்ப முடியாது, திரும்பிப் போ என்கிறது. மின்னஞ்சலும் அப்படித்தான், செய்தித்தாளும் அப்படித்தான். வைரஸ் என்று நினைத்தேன். மோடத்தைக் கெடுத்துவிட்டார்களோ என்று நினைத்தேன். இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினேன். இருபது நிமிடம் இசை கேட்ட பிறகு வந்த பெண், மோடத்தை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போடச் சொன்னார். போட்டேன். மறுபடி அழைத்தேன். வேறு ஒருவர், அதே மருந்து.

ஏழு மணிக்கு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து எலியை அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார். திரையின் மூலையில் மணி 2:25 என்றிருந்தது. பழைய பெட்டி, கடிகாரம் எப்படியோ இருக்கட்டும் என்று நான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அப்பா அம்பை அதன் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். "இன்றைக்குச் செவ்வாய்தானே? இது வியாழக்கிழமை என்கிறதே பிள்ளை."

2009 ஜனவரி 1, வியாழக்கிழமை. வாங்கிய தேதிக்கும் மூன்று மாதம் முந்தி.

இணையதளங்கள் தங்களை நிரூபிக்க ஒரு சான்றிதழைக் காட்டுகின்றன. அதில் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். 2009-இல் உட்கார்ந்திருக்கிற கணினியிடம் 2024-இல் தொடங்கும் சான்றிதழைக் காட்டினால், இது இன்னும் பிறக்கவே இல்லையே என்று சந்தேகப்படாமல் என்ன செய்யும்? பெட்டியை அணைத்த பிறகும் கடிகாரத்தை ஓட வைப்பது மதர்போர்டில் இருக்கும் ஒரு பட்டன் செல். சிஆர்2032, மூன்று வோல்ட், பெரிய நாணயம் அளவு இருக்கும். அது செத்துப் போயிருந்தது. மாலையில் எஃப்1 கேட்டு நின்ற திரை சொன்னதும் அதைத்தான். மறுநாள் கைக்கடிகாரக் கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கி, மின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பழையதை நெம்பி எடுத்து, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதை அழுத்தினேன். விண்டோஸ் எழும் முன்பே திறக்கிற பயாஸ் அமைப்புத் திரையில் தேதியைத் திருத்திச் சேமித்தேன். உங்கள் பழைய கணினியில் பிங் போகிறது, தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், யாரையும் அழைக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

தேதி சரியானதும் சில தளங்கள் திறந்தன. சில திறக்கவில்லை. சில திறந்தும் சுவரில் சாணி எறிந்ததுபோல எழுத்தும் படமும் கலைந்து கிடந்தன. இதற்கு மருந்து பட்டன் செல்லில் இல்லை. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-உடன் நிறுத்திவிட்டது. சான்றிதழ் கொடுக்கிறவர்களின் பட்டியலும் அதில் அந்தக் காலத்தோடு நின்றுவிட்டது. பிறகு வந்தவர்களை அதற்கு அடையாளம் தெரியாது. பட்டியலில் இருந்தவர்கள் சிலரின் மூலச் சான்றிதழே 2021 செப்டம்பரில் காலாவதியாகிவிட்டது. விண்டோஸ் 7 போட்டுக்கொள்ளலாமே என்று ஆலையில் ஒருவர் சொன்னார். அதன் ஆயுள் 2020 ஜனவரி 14-இல் முடிந்தது, க்ரோமும் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. மோடம் நடுவில் நிற்பதால் வெளியிலிருந்து எவரும் நேரே கணினிக்குள் நுழைவது கடினம்தான். ஆனால் நாமே உலாவியில் திறந்து உள்ளே அழைக்கிற தீங்கை மோடம் தடுக்காது. வங்கிக் கணக்கு பார்க்கிற வீட்டில் எக்ஸ்பியை இணையத்தில் விடுவது, தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குக் கோலம் போடுவது.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டில், பளு குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். கோர் 2 டுவோ 64 பிட் பிராசசர் என்பதால் தடையில்லை. 1 ஜிபி ராம்தான் போதாது. இரண்டு 2 ஜிபி டிடிஆர்2 துண்டுகளைப் பழைய சாமான் கடையில் பிடித்தேன்; அந்த மதர்போர்டு தாங்குகிற உச்சம் நான்கு ஜிபி. ஹார்டு டிஸ்க்குக்குப் பதில், சுழலும் தட்டில்லாத வேகமான சேமிப்பான சின்ன எஸ்எஸ்டி. இந்தச் செலவில் எது வேலை செய்தது என்று கேட்டால் எஸ்எஸ்டி என்பேன். மூன்று நிமிடம் தியானம் செய்துவிட்டு எழுந்த பெட்டி, அதற்குப் பிறகு அரை நிமிடத்தில் எழுந்தது. எல்லாம் சேர்த்து மூவாயிரத்தைத் தாண்டவில்லை.

அழிப்பதற்கு முன் அப்பாவின் கோப்புகளை எடுக்க வேண்டும். என் புதிய 64 ஜிபி பென்டிரைவைச் செருகினால் எக்ஸ்பி அதைத் திறக்கவே மறுத்தது. அதில் கோப்புகளை அடுக்கியிருந்த எக்ஸ்ஃபேட் அமைப்பு எங்கள் எக்ஸ்பிக்குத் தெரியவில்லை. மேசை இழுப்பறையில் கிடந்த பழைய 4 ஜிபி பென்டிரைவ்தான் காப்பாற்றியது. கோப்புகளோடு எழுத்துருக்களையும் நகலெடுத்தேன். இதை மறந்திருந்தால் பெரிய நஷ்டம். அப்பா 2009 முதல் 2014 வரை எழுதிய ஊர்க் கதைகள் அத்தனையும் பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். எல்லாக் கணினியிலும் தமிழ் ஒரேபோலத் தெரிய வைக்கிற யுனிகோடுக்குத் தமிழக அரசே 2010-இல்தான் மாறியது, அப்பாவைக் குற்றம் சொல்லி என்ன பயன்? மாற்றித் தருகிற நிரலிகள் இணையத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு கோப்பாக மாற்றி வருகிறேன், பாதி ஆகியிருக்கிறது. நடுவே உட்கார்ந்து படித்துவிடுவதால் வேலை நகரவில்லை.

லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், எதையும் அழிக்காமல். இந்த வசதியை அவசியம் பயன்படுத்துங்கள். இணையம் வருகிறதா, ஒலி வருகிறதா, திரை சரியான அளவில் தெரிகிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்த பிறகே நிறுவினேன். ஒயரைச் செருகியதும் இணையம் தானாக வந்தது. டிரைவர், சிடி என்று எதையும் தேடவில்லை. அப்பாவுக்குக் கவலை தட்டச்சு முறையைப் பற்றித்தான். ஐபஸ் என்கிற உள்ளீட்டுக் கருவியில் தமிழ்99-உம் இருக்கிறது, பழைய தட்டச்சுப்பொறி முறையும் இருக்கிறது. அவருடையதைப் போட்டுக் கொடுத்தேன். பெயரை அடித்துப் பார்த்தார். இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்தார். "சரி" என்றார். அவரிடமிருந்து இதற்கு மேல் பாராட்டு எதிர்பார்க்கக் கூடாது.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் எடுத்தது நூறு மெகாபிட் திட்டம். பத்து நாளில் ஒருவர் கைபேசியில் அழைத்து முந்நூறுக்கு மாறச் சொன்னார். அப்பாவின் கணினியில் இருக்கும் லேன் துளையின் உச்சவரம்பே நூறு. அளந்தால் தொண்ணூற்று நான்கு காட்டுகிறது, மீதி, தரவைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிற செலவு. முந்நூறு கொடுத்தாலும் இந்தக் குழாயில் அவ்வளவுதான் வரும். தவிர, திட்டத்தில் சொல்வது பிட், கோப்பு அளவில் காட்டுவது பைட். எட்டால் வகுக்க வேண்டும். நூறு மெகாபிட் என்றால் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட். இது தெரியாமல், ஏமாற்றிவிட்டார்கள் என்று ஆலையில் சண்டைக்கு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மோடத்தின் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிட்டேன். வைஃபைக்கு ஒன்று, மோடத்தின் அமைப்புக்குள் நுழைய வேறொன்று. மின்வெட்டுக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கியிருக்கிறேன். வாங்கும் முன் மோடத்தின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று படித்துக்கொண்டு போங்கள். எங்களுடையது பன்னிரண்டு வோல்ட்.

இப்போது அப்பா தினமும் விடியற்காலை ஐந்து மணிக்குச் சேலை உறையை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். மதுரைத் திட்டத்திலிருந்து நூல்களை ஒவ்வொன்றாக இறக்கிச் சேமிக்கிறார். "இந்தத் திட்டத்தில் நேரக் கணக்கு இல்லை அப்பா, பகலிலும் இறக்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும்" என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். தலையாட்டுகிறார். ஏழு ஐம்பத்தைந்துக்குக் குனிந்து, நான் மூன்று ஜாக் செலவழித்துப் போட்ட ஒயரைப் பிடுங்கி மேசை மேல் வைக்கிறார்.